படிவத்தில் எழுதிய பெயர்

சுனாமியில் கடல் வந்து போன மூன்றாம் மாதம், தொண்டு வேலைக்காக மலைநாட்டு அட்டனிலிருந்து கிழக்கிலங்கைக் கரையில் உள்ள சாய்ந்தமருதுக்குப் போனேன். எனக்கு இருபத்திரண்டு வயது. யாரையும் நம்பாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்த காலம். புது வீடு கொடுப்பதற்காக வீடிழந்தவர்களின் விபரங்களைப் படிவத்தில் எழுதுவது என் வேலை.

கரையோர வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, உறவுக்காரர் வீட்டு முன்னறையில் ஒண்டியிருந்த ஒரு ராத்தா எனக்கும் அங்கே பாய் விரித்தார். அங்கே அக்காவை ராத்தா என்றுதான் அழைப்பார்கள். ராத்தா, அவருடைய பதினைந்து வயது மகள், நான் என்று பெண்கள் மூவரும் உள்ளே படுத்தோம். எனக்காக அவருடைய கணவர் விறாந்தைக்குப் போனார். அதையும் நான் நம்பவில்லை. இவ்வளவு உபசாரம் எதற்கு என்று யோசித்தேன்.

காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, உடைந்த வீடுகள் நின்ற வளவு வளவாக நடப்பேன். 'வீட்டு உரிமையாளர்' என்ற இடத்தில், ராத்தாவின் பழைய வீடு நின்ற ஒழுங்கையில் வாழ்ந்த எல்லாப் பெண்களும் தங்கள் பெயரையே போடச் சொன்னார்கள். கணவன்மார் பக்கத்தில் நின்று தலையாட்டினார்கள். எனக்குப் பொறி தட்டியது. மனைவி பெயரில் இங்கே ஒரு வீடு, கணவன் பெயரில் அவனுடைய தாய் வீட்டுப் பக்கம் இன்னொரு வீடு. இரண்டு வீடு வாங்க யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ராத்தாவின் கணவரும் அதையே சொன்னார்.

"நான் கலியாணம் முடிச்சி இஞ்ச வந்த ஆள் புள்ள. இது அவட உம்மா அவக்குக் குடுத்த வளவு. நாளைக்கு மகளுக்குப் போகும். அவட பேரப் போடுங்க."

தன் பெயரில் வீடு வேண்டாம் என்கிற ஆம்பிளையை நான் அதுவரை பார்த்ததில்லை. சந்தேகம் இரட்டிப்பானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊர் பார்க்கப் போவோம் என்று ராத்தா ஓட்டோ பிடித்தார். கணவர் முன்னால் சாரதியோடு ஒட்டிக்கொண்டார். ஒலுவில் வெளிச்சவீட்டைப் பார்த்தோம். ராத்தா கடலுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார். பிறகு சொறிக்கல்முனைப் பக்கம் சுற்றி, அறுவடை முடிந்த வயலோரத்தில் எருமைத் தயிர் சாப்பிட்டோம். தயிர் அருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கரண்டியும் லஞ்சம் என்று நினைத்துக்கொண்டே விழுங்கினேன்.

மறுநாள், யாரும் இரண்டாவது வீடு வாங்க முடியாதபடி, அந்த ஒழுங்கை முழுவதற்கும் கணவன்மார் பெயரை எழுதிக் கொடுத்தேன். என் நேர்மையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

போர் முடிந்த வருடம், வேறொரு வேலையாகக் கல்முனைக்குப் போனபோது ராத்தாவைத் தேடினேன். அதே உறவுக்காரர் வீட்டின் அதே முன்னறையில் இருந்தார். புது வீடு கிடைத்து இரண்டு வருடத்தில் கணவர் மாரடைப்பில் போய்விட்டாராம். வீடு அவர் பெயரில் இருந்ததாலும் மகன் இல்லாததாலும் அவருடைய சகோதரர்கள் பங்கு கேட்டு வழக்குப் போட்டுவிட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. அந்த ஊரில் பெண்ணுக்கு வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளை வருவதில்லை. மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தமும் கைவிட்டுப் போயிருந்தன.

"நான்தான் பெயரை மாற்றி எழுதினேன், ராத்தா," என்றேன்.

"தெரியும் புள்ள. வீடு கிடைக்கிற ஆக்கள்ட பேர்ப்பட்டியல் ஒட்டின நேரமே தெரியும்," என்றார். "உங்களுட்டக் கேக்கப் போனன். அவர்தான் விடல்ல. 'அந்தப் புள்ள பிழையா எழுதிப்போட்டுது, கேட்டா வெட்கப்படும், நான் உசிரோடதானே இரிக்கன்' என்டார்."