ஒன்றேகால் இன்ச்

கார் சஸ்பென்ஷன் வேலை மட்டுமே பார்க்கும் அந்த மெக்கானிக்கை, வெடி என்று சொன்னால்தான் தெருவில் தெரியும். பதினெட்டு வருஷமாக வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன். கைக்கு இருக்கும் பொறுமையில் அரைக்கால் பங்குகூட வாய்க்குக் கிடையாது.

வண்டியின் உயரத்தை இறக்கித் தரச் சொல்லி யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "யார் யார் போவீங்க? அத்தனை பேரையும் கூட்டிட்டு வாங்க."

காலி வண்டியை அளக்கிறவன் மெக்கானிக்கே இல்லை என்பது அவன் கட்சி. பெண்டாட்டி, பிள்ளை, மாமியார் எல்லோரையும் அவரவர் இடத்தில் உட்கார வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடிப்பான். பிறகு ஷெட்டுக்குப் பின்னால் அவனே சிமென்ட்டில் கட்டிய வேகத்தடையில் வண்டியை ஏற்றி இறக்கி, உள்ளே இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பான். முணுமுணுப்பவர்களிடம், "ஆள் இல்லாம சட்டைக்கு அளவெடுப்பானா டெய்லர்?" என்று எகிறுவான்.

அப்படிப்பட்டவனிடம் ஒரு காலையில் அவன் அக்காவின் கணவர் தன் உயரமான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். டிக்கியில் புது ஸ்பிரிங் செட். வளையத்தைத் திருகினால் உயரம் கூடும், குறையும்.

"மூணு இன்ச் இறக்கிடு மச்சான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒத்தை விரல்தான் நுழையணும்."

"யார் யார் போவீங்க மாமா?"

"நான்தான். எப்பவாவது ஃப்ரெண்ட்ஸ்."

வெடிக்கு ஜிவ்வென்று ஏறியது. போன வருஷம் படியில் உருண்டு விழுந்த அக்காவின் முதுகெலும்பில் இரண்டு ஸ்க்ரூ இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்கு இந்த வண்டியில்தான் போகிறாள்.

"அப்ப அக்கா?"

"அவளா? அவ பின்சீட்டுல சும்மா சாஞ்சிட்டு வர்றவதானே!"

ஸ்பேனர் பறந்து தகர டப்பாவில் மோதியது. "நீங்க மனுஷனாங்க? அவ முதுகுல இருக்கிறது எலும்புன்னு நெனச்சீங்களா, இரும்புன்னு நெனச்சீங்களா? ஒரு நூல்கூட இறக்க மாட்டேங்க!" இன்ச்சில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். தொண்டை கிழியக் கத்தும்போதும் அந்த 'ங்க'வை விட முடியவில்லையே என்பது அவனுக்குத் தனி எரிச்சல்.

"நீ இல்லன்னா மெயின் ரோட்டுக்காரன். இருக்கிற ஸ்பிரிங்கையே அறுத்து அரை மணியில குடுத்துடுவான்" என்றார் மாமா. சொன்னதோடு நிற்காமல் பெண்டாட்டிக்கு போன் போட்டுப் புகாரும் வைத்தார்.

கூச்சல் அடங்குவதற்குள் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடுப்பில் கை.

"உனக்காகத்தான்க்கா பேசுறேன்! இப்ப இருக்கிற உயரம்தான் உனக்கு நல்லது" என்றான் வெடி.

அவள் நேராகப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். காலைத் தூக்கினாள், பாதியில் முகம் கோணியது. இறக்கினாள். கதவின் மேல்விளிம்பைப் பிடித்துத் தொங்கி, இரண்டாம் முறை எப்படியோ ஏறி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"இதுவா நல்லது? வாரத்துக்கு மூணு நாள், போக ஒரு தடவை, வர ஒரு தடவை இப்படித்தான் ஏறுறேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"ஊரான் மாமியாரையெல்லாம் உட்கார வெச்சு அளக்கிறியே, என்னைக் கூப்பிட்டு ஒரு தடவை உட்காரச் சொன்னியாடா?"

மாமா லேசாகச் சிரித்தார். அக்கா அவர் பக்கம் திரும்பிய வேகத்தில் அந்தச் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"மாட்டு. நான் உட்கார்ந்து பாத்துச் சொல்றேன்" என்றாள்.

ஸ்பிரிங் மாட்டி முடிக்க மதியமாகிவிட்டது. அதுவரை அக்கா பெஞ்சில் படுத்துக் கிடந்தாள். மூன்று இன்ச் இறக்கியபோது சிரமமில்லாமல் உட்கார்ந்தாள். ஆனால் வேகத்தடையில் வண்டியின் அடிப்பாகம் ணங்கென்று இடித்ததும் வீறிட்டாள். இரண்டு இன்ச்சில் வீறிடவில்லை, பல்லைக் கடித்தாள். ஒரு இன்ச் இரண்டு நூலில் கால் தடுமாறாமல் ஏறினாள். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது. மூடியிருந்த கண்ணைத் திறந்து, "இது" என்றாள்.

பிறகு கணவரைப் பார்த்து, "இதுக்குக் கீழ ஒரு நூல் இறங்கினாலும் நான் ஏற மாட்டேன்." தம்பியைப் பார்த்து, "மேல ஒரு நூல் போனாலும் ஏற மாட்டேன். அப்புறம் என்னைத் தூக்கிட்டுப் போறது யாரு? நீயா, அவரா?"



சக்கரத்தருகே முட்டி போட்டு வெடி அந்த உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டான். அழுத்திய அழுத்தலில் சாக்பீஸ் ஒடிந்தது. அப்படியொரு கோபம் அவனுக்கு அதுவரை வந்ததில்லை. ஆனால் யார்மேல் பாய்வது? காலையில் மாமாவைத் திட்டிய திட்டெல்லாம் இப்போது அவனுக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அக்காவுக்கு இதுதான் நல்லது என்று கத்தினானே, அப்போது அவன் அளந்ததும் காலி வண்டியைத்தான்.