ரோமாபுரி, அசிசி, பதுவை, வெனிஸ்

எங்கள் அத்தை இத்தாலிக்குப் போகப்போகிறாள் என்ற செய்தி, எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எங்கள் மலையூர்க் கடைத்தெருவான ஒண்டிக்கடைக்குப் போய்விட்டது. எஸ்டேட்டிலிருந்து திரும்பும் வழியில் தீப்பெட்டி வாங்க நின்ற அப்பாவிடம் கடைக்காரர்தான் அதைச் சொன்னார். அப்பா ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். கூடப் பிறந்தவளைப் பற்றித் தனக்குத் தெரியாதது கடைத்தெருவுக்குத் தெரிந்திருக்கிறதே என்று அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். தீப்பெட்டியை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது. அத்தை, அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். மடத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து போடுவதும் கட்டுக் கட்டுவதும் அவள் வேலை. ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொன்னாலும் அது இரண்டே அறைகள்தான். அதை நடத்திய இத்தாலிக்காரக் கன்னியாஸ்திரீயை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்போம். இருபத்தைந்து வயதில் கப்பலேறி வந்தவர். அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். அவருடைய தமிழ் முழுக்க நோயாளிகளிடம் கற்றது. அதனால் வலி, வாந்தி, காய்ச்சல் பற்றியெல்லாம் எங்களைவிடச் சரளமாகப் பேசுவார். சந்தோஷமான விஷயங்களைச் சொல்லும்போதுதான் வார்த்தை தேடுவார்.

அவருடைய சபையின் தலைமை மடம் ரோமாபுரியில் இருந்தது. உழைத்தது போதும், ஊருக்குத் திரும்பி வந்து ஓய்வெடுக்கலாம் என்று அங்கிருந்து கடிதம் வந்திருந்தது. இத்தாலியின் வடக்கே, அவருடைய சொந்த ஊருக்குப் பக்கத்தில், வயதான கன்னியாஸ்திரீகளுக்கென்று ஒரு இல்லம் இருந்ததாம். தனியாகப் பயணம் செய்கிற வயதில்லை என்பதால் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம், அவர் ஒரு மாதம் தங்கி, ஊர் பார்த்துவிட்டுத் திரும்பலாம், செலவு சபையுடையது. பெரிய சிஸ்டர் அத்தையைக் கேட்டார். சேலத்துக்கு அப்பால் எதையும் பார்த்திராத அத்தை, அப்பாவைக் கேட்காமலே சரியென்று சொல்லிவிட்டாள்.

திட்டம் முதலில் மிகச் சின்னதாக இருந்தது. பம்பாயிலிருந்து ரோமாபுரிக்கு விமானம். அங்கிருந்து வடக்கே ஒரே ரயில். அவ்வளவுதான். அதைப் பெரிதாக்கியதில் என் பங்கு நிறைய உண்டு.

அப்பா எஸ்டேட் பங்களாவிலிருந்து ஒரு பழைய அட்லஸை வாங்கிவந்து கொடுத்திருந்தார். அதிலுள்ள பொடி எழுத்து பெரிய சிஸ்டருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் இத்தாலியின் மேல் விரலை வைத்து, ரோமாபுரியிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே பெயர்களைப் படிப்பேன். முதல் நாளே விரல் அசிசியில் நின்றுவிட்டது. இது நம்ம புனித அசிசியாருடைய ஊரா என்று கேட்டேன். பெரிய சிஸ்டர் என்னையே பார்த்தார்.

"ஆமாங் கண்ணு. அங்க ஒரு நாள் தங்கிட்டுப் போலாங்களா?"

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை. தாராளமாகக் கொடுத்தேன்.

அடுத்தது பதுவை. அது அம்மாவின் வேண்டுதல். பதுவை அந்தோணியார் தொலைந்த பொருளை மீட்டுத் தருகிறவர். அம்மாவின் தோடு ஒன்று இரண்டு வருஷத்துக்கு முன் தொலைந்திருந்தது. அந்தோணியார் கோயிலிலேயே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் கிடைத்துவிடும் என்று நம்பினாள். எனக்கோ அதுவரை பதுவையும் புதுவையும் ஒன்று. பாண்டிச்சேரியில் பிறந்த புனிதருக்கு ஏன் இத்தாலியில் மெழுகுவர்த்தி என்று குழம்பிப்போயிருந்தேன். அட்லஸில் அந்த ஊரைக் கண்டுபிடித்த அன்று, அந்தோணியார் எங்களைவிட்டு இவ்வளவு தூரம் போய்விட்டாரே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

வெனிஸ் முழுக்க என்னுடையது. அங்கே தெருவெல்லாம் தண்ணீர், பக்கத்து வீட்டுக்குக்கூடப் படகில்தான் போகவேண்டும் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். எங்கள் ஏரியில் படகைப் பார்த்திருந்த எனக்கு, துடுப்புப் போட்டுக்கொண்டு மளிகைக்கடைக்குப் போகிற ஊரை அத்தை பார்க்காமல் வந்தால் மனசு ஆறாது என்று தோன்றியது. பெரிய சிஸ்டர் உடனே ஒப்புக்கொண்டார். எந்த ஊரைச் சொன்னாலும் அவர் மறுத்ததே இல்லை.

மருந்து வாங்க வந்தவர்களும் திட்டத்தில் கலந்துகொண்டார்கள். வாழவந்தியிலிருந்து மூட்டுவலிக்கு வருகிற பெரியவர் ஒருவர், அந்த ஊரில் ராகி விளையுமா என்று விசாரித்தார். விளையாதென்று தெரிந்ததும், அப்புறம் அங்கே போய் என்னத்தைத் தின்பது என்று அத்தைக்காகக் கவலைப்பட்டார்.

"சிஸ்டரு நீங்க போய்ட்டா எங் காலு என்னாவுறதுங்க?" என்றும் கேட்டார்.

"இன்னும் போவலீங்களே," என்றார் பெரிய சிஸ்டர், அவர் முழங்காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டே.

திட்டத்தில் ஒரு ஊர் கூடினால் அந்த ஊர் மடத்துக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். இரண்டு பேருக்கு இடம் உண்டு என்று பதில் வந்தால்தான் ரயிலை முடிவு செய்யலாம். பதில் வர ஒன்றரை மாதம் ஆகும் என்றார் பெரிய சிஸ்டர். கடிதங்களை அவரே இத்தாலிய மொழியில் எழுதினார். ஆகஸ்டில் புறப்படுவதாக இருந்தது அக்டோபருக்குப் போனது. அக்டோபரில், இனி அங்கே குளிர் தாங்காது, ஈஸ்டர் கழியட்டும் என்றார்.

அத்தை சலிக்கவில்லை. அவளுடைய பாஸ்போர்ட் தபாலில் வந்திருந்தது. அதற்காக விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு அம்மா காப்பியும் முறுக்கும் கொடுத்து, அவர் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சேலத்தில் ஒரு தகரப் பெட்டி வாங்கினார்கள். பெரிய சிஸ்டரிடம் கற்ற இத்தாலிய வார்த்தைகளை அத்தை எங்கள் கோழிகளிடம் சொல்லிப் பார்த்தாள். சாயங்காலம் கூண்டில் அடைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் "போனசேரா" என்று மாலை வணக்கம் சொல்வாள். நடுவில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. இத்தாலி போய்வந்த பிறகு பார்க்கலாம் என்றாள். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை நாள் காத்திருக்க முடியாதென்று வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவளோ பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த சேலைகளை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டர் போய், மே மாதமும் வந்தது. ஒரு மத்தியானம் வெள்ளக்கடை கிராமத்திலிருந்து ஒரு பெண் கையை அரிவாளில் வெட்டிக்கொண்டு வந்தாள். பெரிய சிஸ்டர் அப்போது கோயிலில் இருந்தார். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நான் அங்கேயே இருந்தேன். நான் சுடுதண்ணீர்ச் சட்டியைப் பிடித்துக்கொள்ள, அத்தை காயத்தைக் கழுவினாள். கட்டுத்துணி தீர்ந்திருந்தது. பெரிய சிஸ்டரின் மேஜை இழுப்பறையில் இருக்கும் என்று போய்த் திறந்தாள்.

கட்டுத்துணிக்கு அடியில் மூன்று நீலக் கடிதங்கள் இருந்தன. ஒட்டி, ஸ்டாம்பு ஒட்டி, விலாசம் எழுதியவை. அசிசிக்கு ஒன்று. பதுவைக்கு ஒன்று. வெனிசுக்கு ஒன்று. ஓரத்தில் எழுதியிருந்த தேதிகள் எல்லாம் போன வருஷத்தவை.

அத்தை அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டுத்துணியை எடுத்துவந்து, அந்தப் பெண்ணுக்கு எப்போதும்போல நிதானமாகக் கட்டி, இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி அனுப்பினாள். பாவம், பெரிய சிஸ்டர் வயசாகி மறந்துவிட்டார், இப்போதே ஓடினால் இன்றைய தபாலிலேயே சேர்த்துவிடலாம் என்று கடிதங்களைத் தூக்கிக்கொண்டேன்.

"வெச்சுடு கண்ணு," என்றாள் அத்தை. "இருந்த மாதிரியே வெச்சுடு. ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது."

வைத்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, ரத்தம் பட்ட பஞ்சுகளைக்கூட எடுக்காமல் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. இத்தனை மாதம் வீணாய்ப் போனதே என்று எனக்கும் அழுகை வந்தது.

அன்று சாயங்காலமே மடத்துத் தலைவி ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெரிய சிஸ்டரைவிட முப்பது வயதாவது சின்னவர். நல்லவர்தான், ஆனால் காரியம் நடக்கவேண்டும் அவருக்கு. ரோமாபுரியிலிருந்து மறுபடி கேட்டு எழுதியிருக்கிறார்கள், மூன்று ஊர்களிலிருந்தும் பதில் வந்துவிட்டதா, வராவிட்டால் அவற்றை விட்டுவிட்டு நேரே போகும்படி டிக்கெட் எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

பெரிய சிஸ்டர் மாத்திரைப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். மூடி எப்போதோ இறுகிவிட்டிருந்தது.

நான் அத்தையைப் பார்த்தேன். சனிக்கிழமை தவறாமல் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் அவள்.

"ரெண்டு ஊர்ல இருந்து வந்துருச்சுங்க மதர்," என்றாள். "ஒன்னுதான் வர்லீங்க. தபாலு நொம்ப லேட்டாவுதுங்க." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம், நேப்பிள்சையும் சேத்துக்கலாம்னு இருக்கோமுங்க. அதுக்கும் எழுதோணும்," என்றாள்.

பெரிய சிஸ்டர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். புட்டியை மேஜைமேல் வைத்தார். அது கொஞ்சம் சத்தமாக உட்கார்ந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. நேப்பிள்ஸ் தெற்கே இருக்கிறது, போகவேண்டியது வடக்கே, ரோமாபுரியிலிருந்து அது நேர் எதிர்த்திசை என்று அட்லஸைத் திறந்து தலைவிக்கே காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பெரிய சிஸ்டரைப் பார்த்தார், சரி எழுதுங்கள், மழைக்காலம் கழியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய சிஸ்டர் அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் எங்கள் மலையில் இருந்தார். கடைசி வாரம்வரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். மடத்துக் கல்லறையில் அவரை அடக்கம் செய்த அன்று வாழவந்திப் பெரியவர் அந்த மூட்டுவலியோடே நடந்து வந்திருந்தார். அத்தையை அதற்குப்பின் இத்தாலிக்கு யாரும் கூப்பிடவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, அத்தைக்குத் திசையே தெரியவில்லை என்று அப்பாவிடம் புகார் சொன்னேன். கடிதங்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பிறகு அட்லஸை விரித்து அத்தையை எதிரில் உட்காரவைத்து, வடக்கு எது, தெற்கு எது என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். அவள் கன்னத்தில் கைவைத்து, ஒவ்வொன்றுக்கும் "அப்படீங்களா" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டாள். இத்தனைக்கும் பிறகு மறுநாள் பெரிய சிஸ்டரிடம் அவள் சிசிலியையும் சேர்க்கச் சொன்னபோது, இவளுக்கு எவ்வளவு சொன்னாலும் அட்லஸ் பார்க்க வராது என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.