நேர்காணலுக்குப் போன அண்ணன்

என் அண்ணன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தினக்கூலி. ரத்தக்கறை பட்ட விரிப்புகளைத் தனியாகப் பிரித்து, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பெரிய மெஷினில் போடுவான். முதலிலேயே சுடுதண்ணீர் பட்டால் கறை போகவே போகாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதும் அவன்தான். மெஷின் மக்கர் பண்ணினால் ஆபரேட்டரே அவனைத்தான் தேடுவார். அந்த ஆபரேட்டர் ஓய்வு பெற்றார். நிரந்தர வேலை, நேர்காணல் உண்டு என்றார்கள். அண்ணன் வயதுக்கு இதை விட்டால் வேறு கிடையாது.

அப்பா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு ஏழு. ஒருவனைப் படிக்கவைக்கிறேன் என்று சித்தப்பா முன்வந்தார். மூத்தவனை அனுப்புவதாகத்தான் பேச்சு. கிளம்பும் நாள் காலையில் அவனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. காய்ச்சல்காரனை எப்படிப் பஸ்ஸில் ஏற்றுவது என்று யோசித்த சித்தப்பா என்னைப் பார்த்தார். அவனுக்கு எடுத்த புதுச் சட்டையைக் கைமடித்து எனக்குப் போட்டுவிட்டார்கள். இன்று நான் கணக்கு வாத்தியார். என் மூளையை யாராவது புகழ்ந்தால் எரிச்சல்தான் வருகிறது.

காய்ச்சல் விட்டதும் அம்மா அவனை ஒரு பெரிய வீட்டில் எடுபிடி வேலைக்கு விட்டாள். கேட்டால் மட்டும் பேச வேண்டும், காலிப் பாத்திரம் கண்ணில் பட்டால் உடனே எடுக்க வேண்டும். மறந்தால் அன்றைக்குச் சோறு இல்லை. பத்து வருஷம் அப்படி வளர்ந்தான்.

நேர்காணலுக்கு ஒரு வாரம் நான் அவனுக்குப் பாடம் நடத்தினேன். மெஷினை ஓட்டுவது நான்தான் என்று நீயாகவே சொல்ல வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

பேர் கூப்பிட்டதும் உள்ளே போயிருக்கிறான். மூன்று அதிகாரிகள் காகிதத்தில் குனிந்திருந்தார்கள். மேஜையில் அவர்கள் குடித்துவைத்த டீ கிளாஸ்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அத்தனையையும் தட்டில் அடுக்கி, வெளியே கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்திருக்கிறான். அவர்கள் நிமிர்ந்தபோது எதிரே யாருமில்லை. வரவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். இவன் ஈரக் கையோடு கதவுக்கு வெளியே சாயங்காலம்வரை நின்றிருக்கிறான்.

"உள்ள போய் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"அவங்க எதுவும் கேக்கலையேடா."

மறுநாளே ஓடினேன். ஆர்டர் போட்டாயிற்று என்று கையை விரித்தார்கள்.

புது ஆபரேட்டருக்கு மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுப்பது இப்போது என் அண்ணன்தான், அதே தினக்கூலிக்கு. நேற்று வீட்டுக்கு வந்தபோது அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"அந்தத் தம்பி எனக்கு நாற்காலி போட்டு உக்காரச் சொன்னான்டா. நான் உக்காரல. ஆனா சொன்னான் பாரு."