நடுப்புள்ளி நின்ற இடம்

பிளக்ஸ் பேனர் டிசைன் செய்யும் சக பாவிகளே, யார் தலைக்குப் பின்னால் வெளிச்சம் வைப்பது என்பதில்தான் நம் பிழைப்பு ஓடுகிறது.

அண்ணனுக்கு வெளிச்சம்

மேலூர் ரோட்டில் என் கடை. கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு அக்கா, மகளின் காதுகுத்துக்குப் பேனர் அடிக்க வந்தார். அவருடைய அண்ணன், அக்காவின் கொழுந்தனோடு சண்டை போட்டுக் கோபித்துக்கொண்டு போனவர். மருமகளை மடியில் வைத்துக் காது குத்த வருவதாக இப்போதுதான் ஒப்புக்கொண்டிருந்தார்.

தாய்மாமன் படத்தை நடுவில் வைத்து, பின்னால் ரேடியல் கிரேடியன்ட் போட்டேன். ஒரு புள்ளியில் வெள்ளை; அங்கிருந்து வட்டமாக விரிந்து மஞ்சளாகி, ஓரத்தில் இருண்ட அரக்கு நிறமாக முடியும். அந்தப் புள்ளியை அண்ணன் தலைக்குப் பின்னால் இழுத்து வைத்ததும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கண்ணே எங்க வாசல மிதிச்சு மூணு வருசமாச்சு தம்பி. அது மொகம் பளிச்சுனு தெரியணும்."

நீட்டிய பேனர்

மறுநாள் அவர் கணவர் போன் செய்தார். மண்டப வாசல் அகலமாம், பேனரை நீட்ட வேண்டுமாம், தன் தம்பி படத்தையும் நடுவில் சேர்க்க வேண்டுமாம். பின்னணியைப் பிடித்து இழுத்தேன். அண்ணனை ஓரமாக நகர்த்தி இடம் செய்தேன்.

நீங்களும் பட்டிருப்பீர்கள். படத்தை நகர்த்தினால் வெளிச்சம் கூடவே வராது, அது பின்னணியோடு ஒட்டியது. வட்டம் முட்டையாகிவிட்டது, வெள்ளைப் புள்ளி நடுவிலேயே நின்றது. இப்போது அது கொழுந்தன் தலைக்குப் பின்னால். அண்ணன் அரக்குக்குள் போய்விட்டார். நான் பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன். பிரிண்டிங் மெஷின் ஓட்டும் செல்வம் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினான்.

"வெளிச்சத்தையெல்லாம் எவன் மாப்ள பாக்கப்போறான்? எழுத்துல தப்பு இல்லைல, அனுப்பு."

அரை நிமிடம்

விசேஷம் முடிந்து அக்கா தனியாக வந்தார். அண்ணன் சீர்த்தட்டோடு மண்டப வாசல்வரை வந்தாராம். பேனரை அண்ணாந்து பார்த்தாராம். தட்டை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். பிள்ளைக்கு வேறு யார் மடியிலோ காது குத்தினார்களாம்.

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வெளிச்சத்தை அண்ணன் பக்கம் மாற்றிக் கொடுத்தால் போதும், அண்ணனுக்குப் போனில் அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். ஃபைலைத் திறந்து, புள்ளியைப் பிடித்து அண்ணனிடம் இழுத்து விட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுத்தானா தம்பி வேல?"

இப்போதெல்லாம் எந்தப் பேனரை நீட்டினாலும் அந்தப் புள்ளி எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடுகிறேன், கொட்டாம்பட்டி அக்காவின் அண்ணனுக்குத்தான் நான் திருந்திய விஷயம் தெரியாது.