ஹேமாவதியின் மலைப் பாக்கெட்

"நைட்ரஜன் எழுபத்தெட்டு சதவீதம், ஆக்ஸிஜன் இருபத்தொரு சதவீதம்..." என்று ஹேமாவதி முணுமுணுக்க ஆரம்பித்தால், சட்டியில் நேந்திரங்காய் விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஆர்கான் வரும்போது கரண்டியால் ஒரு புரட்டு. கார்பன் டை ஆக்ஸைடுக்கு, மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீர் ஒரு தெளிப்பு. எண்ணெய் சடசடவென்று சண்டை போட்டு அடங்குவதற்குள், "உயரம் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும்" என்ற கடைசி வரியை முடித்துச் சிப்ஸை அரித்தெடுத்துவிடுவாள். பத்தாம் வகுப்பில் வளிமண்டலம் பற்றி நெட்டுருப் போட்ட ஐந்து மதிப்பெண் விடை அது. அவள் அடுப்படிக்கு அதுதான் கடிகாரம்.

"மத்ததெல்லாம் மறந்துபோச்சு. இது மட்டும் நாக்குல ஒட்டிக்கிருச்சு" என்பாள்.

சின்னமனூரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைதான் அவளுடைய தொழிற்சாலை. தேங்காய் எண்ணெய் டின்னைத் திறந்ததும் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்து பார்ப்பாள். மீந்ததைத் தலையில் தடவிக்கொள்வாள். வாழைத்தார் இறக்குபவர், சிலிண்டர் கொண்டுவருபவர், எல்லாருக்கும் ஒரு "நல்லாயிருங்க" உண்டு. கவர் ஒட்டும் மிஷினுக்கும் அதே வாழ்த்துதான். அது பழுதாகி நிற்கும் நாளில் மட்டும் வேறு வார்த்தைகள் வரும்.

பாக்கெட் காற்று நிறைந்து மத்தளம் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும் அவளுக்கு. "வாங்குறவுக கையில கொடுத்தா ஒரு மரியாதயா இருக்கணும்ல." அந்த மரியாதைதான் வினையாகிவிட்டது. அவள் சரக்கில் பாதிக்குமேல் மேகமலை எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் போவது. சரக்கு ஏற்றிப்போகும் ஒச்சாண்டியின் ஜீப் வளைவு வளைவாக மேலே ஏற, பின்னால் டப் டப்பென்று பாக்கெட்டுகள் வெடித்தன. தப்பித்தவை ஊதிக்கொண்டு நின்றன. கெட்டுப்போன பண்டம் என்று ஒருவரும் தொடவில்லை.

ஹேமாவதி யோசித்தாள். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு குத்து. வெடிப்பது நின்றது. ஆனால் மேலே மூடுபனிக்குள் கிடந்த சிப்ஸ் நமுத்துப்போய்க் காறல் வாடை அடித்தது. மேகமலைக் கடைக்காரர் தங்கபாண்டி மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

"வர்ற சனிக்கிழமை லோடும் இப்பிடி வந்தா, குமுளிக்காரன்ட்டயே வாங்கிக்கிறேன்னு சொன்னாகக்கா" என்றான் ஒச்சாண்டி, அவள் முகத்தைப் பார்க்காமல். அந்தக் கடை கைவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, பழையபடி திராட்சைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகவேண்டியதுதான்.

அன்றைக்குத்தான் நசீமா வந்தாள். பத்தாவதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது உத்தமபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். ஹேமாவதி அழுதுகொண்டே கதையைச் சொன்னாள். நடுவில் சட்டியில் காய் விழுந்ததால் நைட்ரஜனையும் அழுதுகொண்டே சொன்னாள். கடைசி வரி வந்ததும் நசீமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடியே, பதில வாயில வச்சுக்கிட்டா அழுகுற? நீ அடைக்கிறது கீழ்க்காத்து. மேல போகப்போக வெளிக்காத்தோட அழுத்தம் கொறைஞ்சுரும். உள்ள இருக்கறது சும்மா இருக்குமா? தள்ளிக்கிட்டு வருது."

"அப்ப காறல்?"

"நீ குத்துன ஓட்டை. ஆக்ஸிஜனும் ஈரமும் அது வழியாப் போயி எண்ணெயக் கெடுத்துருச்சு. ஒன் எண்ணெயில குத்தமில்ல."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டபிறகுதான் ஹேமாவதி கண்ணைத் துடைத்தாள்.

அப்படிப் பிறந்ததுதான் மலைப் பாக்கெட். கவரை உள்ளங்கையால் அழுத்திப் பாதிக் காற்றை வெளியேற்றிவிட்டு ஒட்டுவது. நசீமா ஒரு நிபந்தனையும் போட்டாள்: "இது பாலித்தீன். பலபடி. எத்தன வருசமானாலும் மக்காது. வெறும் கவரெல்லாம் ஜீப்புல கீழ வந்துரணும்." ஹேமாவதி ஒத்துக்கொண்டாள். ஆனால் வாடிச் சுருங்கிக் கிடந்த பாக்கெட்டுகளைப் பார்க்க அவளுக்கு மனசு ஆறவில்லை.

"இத எவ வாங்குவா?"

"சனிக்கிழம நானும் கூட வாரேன், வா."

ஜீப்பில் ஹேமாவதியின் மடியில் ஒரு பாக்கெட். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சுருக்கம் விரிந்தது. அவள் கண் அதைவிட்டு நகரவில்லை. பக்கத்தில் நசீமா முந்தானையால் வாயைப் பொத்தி, கண்ணை மூடிக் கிடந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

கடை வாசலில் மூட்டையைப் பிரித்தபோது எல்லாப் பாக்கெட்டும் அளவாகப் புடைத்திருந்தன. ஒன்றுகூட வெடிக்கவில்லை. தங்கபாண்டி கட்டைவிரலால் அமுக்கினார். காதோரம் வைத்துக் குலுக்கினார். ஒன்றைப் பிரித்து மென்றார்.

"மொறுமொறுன்னு இருக்குத்தா. அடுத்த வாரமும் ஏத்திவிடு."

ஹேமாவதி அவருக்கு ஒரு "நல்லாயிருங்க" சொன்னாள், கையிலிருந்த பாக்கெட்டுக்கும் ஒன்று. அவர் ஆளுக்கொரு டீ கொண்டுவந்தார். நசீமா கையை நீட்டவில்லை.

"எனக்கு வேணாம்ணே. ரம்ஜான்ல விட்டுப்போன நோன்பு ஒண்ண இன்னைக்கு வச்சிருக்கேன்."

ஹேமாவதி திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது, அவள் முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது. "ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ கெளம்பியிருப்பியா? இவுக குடுத்த கெடு இன்னைக்குத்தானடி."

குளிரில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. தம்ளரை உதடுவரை கொண்டுபோயிருந்த ஹேமாவதி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தாள்.

"ஆறிப்போயிரும்க்கா" என்றான் ஒச்சாண்டி.

"ஆறட்டும். கீழ போயி, சாயங்காலம் பாங்கு சொன்னபெறகு இவளோட சேந்து குடிச்சுக்கிறேன்" என்று சொல்லி, தம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.