நடக்கிறவர்கள் முதலில்

அந்த மருத்துவக் கல்லூரியில் அவளுக்குப் பட்டப்பெயர் சைரன். அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர். நிர்வாகத்தோடு மல்லுக்கட்டிப் பேரிடர் மருத்துவத்தை இறுதியாண்டுக்குக் கட்டாயப் பாடமாக்கியவள். ஜெயித்ததோடு சரி, அன்றிலிருந்து கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேசைக்கு வேறு யாரும் வருவதில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரத்தில் அவள் வகுப்பு.

"மூணாவது மாடி வார்டு. புகை. லிஃப்ட் கிடையாது. யாரை முதல்ல இறக்குவ?"

கேள்வி விழுந்தது கடைசி பெஞ்சு நெட்டையன் மேல். "ரொம்ப சீரியஸா இருக்கறவங்களை, மேடம்."

"மொத்த வார்டையும் கொன்னுட்ட. ஒருத்தரைத் தூக்கிக்கிட்டு நாலு பேர் படிக்கட்டை அடைச்சுட்டு நிப்பீங்க. நடக்க முடிஞ்சவன் பின்னாடி மூச்சு முட்டிச் சாவான். நடக்கிறவங்க முதல்ல, சக்கர நாற்காலி அடுத்தது, மெஷின்ல இருக்கறவங்க கடைசி. நின்னுக்கிட்டே கேளு, தூக்கமாவது கலையும்."

வகுப்பு சிரித்தது. நெட்டையன் மணி அடிக்கும்வரை நின்றான். அவளும் உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மாணவர்களை, ஒருவரையொருவர் போர்வையில் கட்டிப் படிக்கட்டில் இறக்கவைத்தாள். முட்டியில் சிராய்ப்போடு அவளைத் திட்டிக்கொண்டே போனார்கள். அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவர் தாழ்வாரத்தில் மாணவர்கள் காதுபடவே கேட்டார்: "பூச்சாண்டி காட்றதுக்குப் பேரு பாடமா?"

"உங்க ஆபரேஷன் தியேட்டர்ல நெருப்புப் பிடிச்சா எந்த வழியா ஓடணும்னு உங்களுக்குத் தெரியுமா சார்? என் பசங்களுக்குத் தெரியும்."

அதன்பின் அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் காலை, மூன்றாவது மாடி வார்டை ஒட்டிய அறையில் ஏசி மெஷின் பற்றிக்கொண்டது. கரும்புகை வார்டுக்குள் புகுந்தது. அவள் மேலே ஓடியபோது, நெட்டையனும் இன்னும் சில மாணவர்களும் இரண்டு நர்ஸுகளும்தான் அங்கே. மூச்சு மெஷினில் ஒரு பெரியவர். அவர் மகள் நெட்டையன் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்: "எங்கப்பாவை முதல்ல தூக்குங்க தம்பி."

அவன் கட்டிலை நோக்கிக் குனிந்தான்.

"நடக்கிறவங்க முதல்ல!" என்று அவள் கத்தினாள்.

"மேடம், இவரு..."

"வாயை மூடு. படிக்கட்டுக் கதவைத் திற!"

திறந்தான். நடக்க முடிந்தவர்கள் சுவரைப் பிடித்தபடி இறங்கினார்கள். சக்கர நாற்காலிக்காரர்களைப் போர்வையில் கட்டி இறக்கினார்கள். கடைசியாகப் பெரியவர். நெட்டையன் மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே வந்தான். பாதிப் படிக்கட்டில் நாடி நின்றுபோனது. மற்ற எல்லோரும் பிழைத்தார்கள்.

"எங்கப்பாவைக் கொன்னது இவதான்" என்று மகள் எல்லோர் முன்பும் அலறினாள். டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாள்.

விசாரணை வைத்தார்கள். தலைமை தாங்கியவர் அதே அறுவை சிகிச்சைத் தலைவர். வீட்டில் கணவர், "ஒரு மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சிடும்ல?" என்றார். "செஞ்சது சரி. எதுக்குக் கேக்கணும்?" என்று வெடித்தாள். ஆனாலும் பெரியவரைக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கியிருக்க முடியுமா என்று மனசுக்குள் வார்டைத் திரும்பத் திரும்பக் காலி செய்து பார்த்தாள்.

நெட்டையனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

"மேடம் எப்படி நடந்துக்கிட்டாங்க?"

"கத்தினாங்க சார். எப்பவும் கத்துவாங்க. எனக்கு அவங்களைக் கண்டாலே ஆகாது."

தலைவர் முகம் மலர்ந்தது.

"ஆனா அவரை முதல்ல தூக்கியிருந்தா படிக்கட்டு அடைச்சிருக்கும். மேல இருந்தவங்க யாரும் இறங்கியிருக்க மாட்டாங்க. நானும்தான்."

அவள்மேல் தவறில்லை என்று முடித்தார்கள். கையோடு, அந்தப் பாடத்தை விருப்பப் பாடமாக்கிப் பழிதீர்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தவள் நெட்டையனை நிறுத்தினாள். "எனக்காகப் பேசுன்னு நான் உன்கிட்ட கேக்கல."

"உங்களுக்காகப் பேசல மேடம். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பொண்ணுகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அப்படியே போயிட்டீங்க."

சுருக்கென்றது. அவன் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரின் மகள் வீட்டுக்குப் போனாள். கதவு பாதிதான் திறந்தது.

"நீங்க கேட்டும் உங்கப்பாவைக் கடைசியா இறக்கினது நான்தான். அதை உங்ககிட்ட நானே சொல்லணும்னு வந்தேன்."

"உங்க அப்பாவா இருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். "அப்பவும் கடைசியாத்தான் இறக்கியிருப்பேன்."

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே யாரோ, "யாரும்மா அது?" என்று கேட்பதும், "யாருமில்ல" என்று மகள் சொல்வதும் அவள் காதில் விழுந்தன.