கீரையை இறக்கி வைத்த சித்தப்பா

என் சித்தப்பா தராசு பழுதுபார்ப்பவர். காய்கறிக் கடை, இறைச்சிக் கடை, பழைய பேப்பர் கடை என்று எங்கே தராசு தப்பாகக் காட்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தெருவில் அவருக்கு ‘முள்ளு மாஸ்டர்’ என்று பெயர். இப்போது வரும் தராசுகளில் முள்ளே கிடையாது, எண்தான் ஓடுகிறது. ஆனாலும் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அவர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. எந்தத் தராசாக இருந்தாலும் முதலில் தட்டில் இருப்பதை எல்லாம் இறக்கிவிடுவார். தட்டைத் துடைப்பார். நான்கு காலும் சமமாக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஜீரோ காட்டிய பிறகுதான் எடைக்கல்லை வைப்பார். “ஜீரோ வைக்காம போடுற எடை எடையே இல்ல, வதந்தி” என்பார். கழற்றிய திருகாணிகளை மட்டும் எங்கும் வைக்க மாட்டார், பல்லில் கடித்துக்கொள்வார். இருபத்தைந்து வருடமாகக் கடித்ததில் வலது கடைவாய்ப்பல் ஒன்று இரண்டாகப் பிளந்துவிட்டது.

பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “பிடுங்கிடலாம். அஞ்சு நிமிஷ வேலை” என்றார். சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அந்த ஐந்து நிமிஷம் அங்கேயே நின்றுபோனது.

அது ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை. போன வருடம் சித்தப்பாவின் காலில் ரத்தக்கட்டி வந்ததிலிருந்து சாப்பிடுகிறார். அதற்காக அடிக்கடி ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அதில் வரும் எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் ரத்தம் நிற்காது, கீழே போனால் மறுபடி கட்டி வரலாம்.

“ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இருக்குற ரிப்போர்ட்டோட வாங்க. இல்லன்னா பல்லைத் தொடவே மாட்டேன்” என்றார் பல் டாக்டர். இந்த மாத்திரையோடு சாதாரண காய்ச்சல் மாத்திரை தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கூடாது என்றும் சொல்லிவிட்டார். சித்தப்பா கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் ஓர் அக்கா இருக்கிறார். மிகவும் நிதானமானவர். சித்தப்பாவின் நரம்பு மட்டும் அவருக்குப் பிடி கொடுக்காது. அன்றும் இடது கையில் இரண்டு தடவை, வலது கையில் ஒரு தடவை குத்தினார்.

“அண்ணே, கையைத் தளர்த்தி விடுங்க.”

“தளர்த்தித்தாம்மா இருக்கேன்.”

“அப்ப ஏன் நாற்காலி ஆடுது?”

“அது நாற்காலியோட கால் சரியில்ல. நான் பார்த்துத் தரேன்.”

ஊசி உள்ளே இருக்கும்போதே குனிந்து நாற்காலிக் காலைப் பார்க்கப் போனார். நான்காவது தடவை குத்த வேண்டியதாயிற்று. எண் 4.3 வந்தது. காலுக்குப் பார்க்கும் பெரிய டாக்டர் மாத்திரையைக் குறைத்தார்.

பத்து நாள் கழித்து அடுத்த பரிசோதனை. ரத்தம் எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார் அக்கா. சித்தப்பாவுக்குப் பொறுமை இரண்டு நிமிடம்தான். பஞ்சை முழங்கை மடிப்பில் செருகிக்கொண்டு நேராக அரிசிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். தராசைத் தூக்கிக் கவிழ்த்தபோது பஞ்சு விழுந்தது. வெள்ளைச் சட்டை, தராசு, கல்லாப்பெட்டி எல்லாம் சிவப்பு. அப்போது பார்த்து உள்ளே வந்த ஒரு பெண்மணி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னங்க இது? விலை கேட்டதுக்கா குத்துனீங்க?” என்று கடைக்காரரைக் கேட்டார்.

“ஐயோ, நான் இல்லீங்க! இவர் ஏற்கனவே குத்து வாங்கிட்டுத்தான் வந்தாரு!” என்று கடைக்காரர் கையைப் பிசைந்தார்.

அந்தத் தடவை எண் 3.8. மாத்திரை இன்னும் குறைந்தது. பல்வலி குறையவில்லை. சித்தப்பா இடது பக்கமாகவே மென்று, இடது பக்கமாகவே பேசி, கடைசியில் இடது பக்கமாகவே படுக்க ஆரம்பித்தார்.

பெரிய டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் போன் செய்து, “இன்னிக்கே வந்து ரத்தம் குடுங்க” என்றார். சித்தப்பா தயாராகவே இல்லை. ஆனாலும் போனார். எண் 1.4!

டாக்டர் தலையைச் சொறிந்தார். சித்தப்பாவுக்கோ வலியிலும் முகம் மலர்ந்துவிட்டது.

“நான் அப்பவே நினைச்சேன். மெஷின் ஆடுது!”

கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ரத்தம் எடுக்கும் அக்காவிடம் போய், மேசையிலிருந்த பரிசோதனை மெஷினைக் காட்டினார்.

“ஏம்மா, காலைல இதைத் துடைக்கிறியா?”

“துடைக்கிறேண்ணே.”

“மேசை சமமா இருக்கா?”

“அண்ணே, இது வெங்காயம் நிறுக்குற மெஷின் இல்ல.”

“எல்லா மெஷினும் ஒண்ணுதாம்மா” என்று சொல்லி, ஓர் அட்டையை மடித்து மெஷினின் ஒரு காலுக்கு அடியில் செருகப் போனார். அக்கா எழுந்து நின்று, “அண்ணே, வெளிய!” என்றார். அவ்வளவு நிதானமானவர் கத்தியதை அன்றுதான் எல்லோரும் கேட்டார்களாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது சித்தி கூடவே போனார், இவர் அங்கேயும் அட்டையை எடுத்துவிடக் கூடாதே என்று. நானும் போயிருந்தேன்.

“சாப்பாட்டுல ஏதாவது மாத்துனீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்லீங்க. எப்பவும் போலத்தான்” என்றார் சித்தப்பா.

சித்தி மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். “எப்பவும் போலவா? டெஸ்ட்டுக்கு நாலு நாள் முன்னாடியிருந்து வெறும் கஞ்சி குடிக்கிறது யாரு? நானா?”

“அது டெஸ்ட்டுக்கு. சாப்பாட்டுல சேராது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “என்ன கஞ்சி?”

“சார், நீங்கதானே சொன்னீங்க, கீரைல இருக்குற சத்து மாத்திரைக்கு எதிரா வேலை செய்யும்னு. ஒரு தட்டுல மாத்திரை, இன்னொரு தட்டுல கீரை. மாத்திரை மட்டும் எவ்வளவு இழுக்குதுன்னு பார்க்கணும்னா கீரையை இறக்கி வைக்கணுமில்ல? அதான் ஜீரோ வச்சுட்டு வர்றேன்.”

“டெஸ்ட் முடிஞ்சதும்?”

“வீட்டுக்கு வந்ததும் விட்ட நாலு நாளுக்கும் சேர்த்து ஒரு சட்டி கீரையைக் காலி பண்ணுவாரு சார்” என்றார் சித்தி. “நான் கடைசியா ரெண்டு தடவை கட்டுக்கட்டா வாங்கிப் போட்டேன்.”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “நான் கீரையை விடச் சொல்லலையே. தினமும் ஒரே அளவு சாப்பிடுங்கன்னுதானே சொன்னேன்? நீங்க கீரையை நிறுத்துனா நம்பர் ஏறும். அதைப் பார்த்து நான் மாத்திரையைக் குறைப்பேன். நீங்க போய்க் கீரையை வெட்டுவீங்க. நம்பர் படுத்துடும். அப்ப கால்ல மறுபடி கட்டி வந்தா என்ன பண்ணுவீங்க?”

சித்தப்பா ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. “ஜீரோ வைக்காம எப்படி சார்...” என்று ஆரம்பித்தார்.

அப்போதுதான் சித்தி அதைச் சொன்னார். “செக்கிங் ஆபீசர் வர்ற அன்னிக்கு மட்டும் நல்ல எடைக்கல்லை எடுத்து வெளிய வைப்பானே ஒருத்தன், அவனைப் பத்தி வீட்டுக்கு வந்து என்ன திட்டு திட்டுவீங்க? இப்ப நீங்க பண்றது என்ன?”

சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை. அந்த மாதிரிக் கடைக்காரர்களின் தராசை அவர் தொடவே மாட்டார். அப்படி ஒருவருடைய மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகாதவர். 

“டாக்டர் சார், நான் கள்ளக்கல்லு போட்டுட்டேன்” என்றார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே.

டாக்டர் சிரிப்பை அடக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

டாக்டர் மாத்திரையின் அளவைத் திருத்தினார். அதன் பிறகு தினமும் மதியம் ஒரே கிண்ணத்தில் ஒரே அளவு கீரை. சித்தப்பா அதை நிறுத்துப் பார்த்துத்தான் சாப்பிட்டார், எண்பது கிராம். பதினைந்து நாள் கழித்துப் போன பரிசோதனையில் அக்கா முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்தார். “இன்னிக்கு நாற்காலி ஆடலையே” என்றார். ஆடாது, முந்தின நாள்தான் சித்தப்பா போய் அதன் காலைச் சரிசெய்துவிட்டு வந்திருந்தார். பஞ்சைப் பத்து நிமிடம் முழுக்க அழுத்திப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான். எண் 2.4.

அன்று மாலையே பல் வெளியே வந்தது. பல் டாக்டர் சொன்னபடி ஐந்து நிமிடம்தான். ஆனால் மருந்துப் பஞ்சைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்க வேண்டிய நேரம் ஒரு மணி. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, ஒரு வருடமாகச் சொல்ல நினைத்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார். 

சித்தி சொல்லி முடித்ததும் சித்தப்பா எழுந்து போய், நகைக்கடைக்காரர் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த சின்னத் தராசை எடுத்து வந்தார். காகிதத்தில் மடித்து வைத்திருந்த பல்லை அதன் தட்டில் போட்டார். எண் ஓடி நின்றது. எங்களைப் பெருமையோடு பார்த்தார்.

“ஜீரோ வச்சீங்களா?” என்றார் சித்தி.

வாயில் பஞ்சு.  பல்லை எடுத்தார், தட்டைத் துடைத்தார், குனிந்து காலைப் பார்த்தார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.